கீழே விழாத பிள்ளைக்கு

சாமி,

உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான் இருக்கிறது. நம் வீட்டில் உட்கார இடம் கிடையாது. கட்டிலின் மேல் புடவைப் பெட்டிகள், கட்டிலுக்கு அடியில் தாம்பாளங்கள், இருக்கிற ஒரே நாற்காலியில் உன் அத்தை. அதனால் கடைக்கு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி ஒண்டிக்கடைக் கடைவீதி முழுவதையும் மூடிவிட்டது. எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையின் விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிகிறது. இந்த நேரத்தில் சுற்றுலா வந்தவர்கள் யாரும் ரூமை விட்டு வெளியே வர மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே அடுப்பைக் குறைத்து வைத்திருக்கிறேன். வெங்காயம் நறுக்கியாகிவிட்டது. இனி எழுதாமல் இருக்க எனக்குச் சாக்கு எதுவும் இல்லை.

ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு அப்பன் கடிதம் எழுதுவதா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். இதற்குக் காரணம் உன் நித்யா. போன வாரம் ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், கடையில் வந்து உட்கார்ந்து, "மாமா, உங்க மவன்கிட்ட அந்தச் சீக்கு வந்த கதையக் கேட்டா, எனக்கென்ன தெரியும், நான் அப்பத் தூளியில கெடந்தேங்கறாரு. நீங்க முழுசாச் சொல்லுங்க" என்றாள். நானும் ஆரம்பித்தேன். காய்ச்சல் வந்தது, கண் கருத்தது, சென்னைக்குக் கொண்டுபோனோம், குணமானது என்று நாலே வரியில் முடித்துவிட்டேன். உனக்கும் இத்தனை வருஷமாக அந்த நாலு வரியைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தக் கதையில் நான் எங்கேயுமே இல்லை. என்னை நானே சாமர்த்தியமாக உருவி எடுத்துவிட்டிருக்கிறேன். நீ ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்தப் போகிற நேரத்தில் அந்த உருவி எடுத்த பாகம்தான் உனக்குத் தேவைப்படும் என்று தோன்றியது.

அப்போது இந்தக் கடை கிடையாது. தார்ப்பாய் போட்ட ஒரு தள்ளுவண்டி, அதற்கு முன்னால் ஒரு பெஞ்சு. உன் அம்மா காலையில் ஒரு லாட்ஜுக்குப் போய் போர்வைகளையும் விரிப்புகளையும் துவைத்துப் போட்டுவிட்டு வருவாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த கொய்யா மரத்தில் உனக்குத் தூளி கட்டியிருந்தாள். நீ நல்ல கொழுகொழுவென்ற பிள்ளை. ஒரு வயது ஆனபோது பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, கரண்டியால் தட்டி, பஜ்ஜி தின்ன வருகிறவர்களை எல்லாம் மிரட்டுவாய். அப்படி நின்ற பிள்ளை ஒரு மாதத்தில் நிற்பதை நிறுத்திவிட்டாய். தூக்கி நிறுத்தினால் காலை மடக்கிக்கொண்டு அழுவாய். சாயங்காலம் காய்ச்சல் வரும், காலையில் போய்விடும். சோறு இறங்கவில்லை. பல் முளைக்கிறது என்றார்கள் எல்லோரும். நாங்களும் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் உன் இரண்டு கண்களையும் சுற்றி நீலமும் கருப்புமாகக் கன்றிப்போயிருந்தது. யாரோ ஓங்கிக் குத்தின மாதிரி. இடது கண் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. நான் உன்னைத் தூக்கவில்லை. உன் அம்மாவைப் பார்த்துத் திரும்பி, "எங்கடி போட்ட புள்ளைய?" என்று கேட்டேன்.

"நான் போடலீங்க" என்றாள்.

"தூளி அவுந்துச்சா? கல்லுல விழுந்தானா? மறைக்காமச் சொல்லு."

"சாமி சத்தியமாப் போடலீங்க."

நான் நம்பவில்லை. அந்த லாட்ஜுக்குப் போய் தூளிக் கயிறை இழுத்துப் பார்த்தேன். அங்கே வேலை செய்கிறவர்களிடம் விசாரித்தேன். யாரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். அதையும் நான் நம்பவில்லை. எல்லோரும் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளூரில் ஒருவரிடம் காட்டி, அவர் கொடுத்த சொட்டு மருந்தைப் போட்டோம். கண்ணேறு என்று சொல்லி உன் இடுப்பில் கருப்புக் கயிறு கட்டினார்கள். இத்தனையும் நடந்த நாலு நாளும் நான் உன் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தட்டு வைத்தால் சாப்பிட்டேன், எழுந்து போனேன். இந்த இடத்தை எழுதும்போது, வெங்காயக் கூடையை எடுக்க வந்த உன் அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "நாலு நாளா? ஆறு நாளுங்க. சரியா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். ஆறு நாள் என்றே வைத்துக்கொள். எண்ணிக்கொண்டு இருந்தவளுக்குத்தான் கணக்குத் தெரியும்.

ஏழாம் நாள் சேலத்துக்குப் பஸ் ஏறினோம். அந்த பஸ்ஸில் நடந்ததைத்தான் நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. முன்னால் பெண்கள் சீட்டில் உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இரண்டு சீட்டு பின்னால் உட்கார்ந்தேன். நாலைந்து வளைவு இறங்கியிருக்கும். நீ துணியை விலக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினாய். பக்கத்தில் இருந்த பெண் உன்னைப் பார்த்து அலறியே விட்டாள்.

"அய்யோ, பச்சப் புள்ளைய யாரும்மா இப்புடி அடிச்சது?"

உன் அம்மா, "அடிக்கலீங்க" என்றாள். பின்னாலிருந்து ஒரு ஆள், "ஆத்தாக்காரியே அடிச்சிருப்பா, மூஞ்சியப் பாரு" என்றான். கண்டக்டர் வந்து குனிந்து பார்த்து, "இதெல்லாம் நல்லால்லம்மா, போலீஸ் கேஸாயிரும்" என்றார். பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நான்தான் அவள் புருஷன் என்று அந்த பஸ்ஸில் யாருக்கும் தெரியாது. தெரியாமலேயே அடிவாரம் வரைக்கும் வந்தேன். மிச்சமிருந்த பதினைந்து வளைவிலும் அவள் உன் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு இளவயது டாக்டரம்மா உன்னைப் பார்த்தார். "எப்பவாவது கீழ விழுந்தானா?" என்று அவரும் கேட்டார். உன் அம்மா, சொல்லிச் சொல்லிச் செத்துப்போன குரலில் "இல்லீங்க" என்றாள். டாக்டரம்மா அதற்கு மேல் கேட்கவில்லை. உன் வயிற்றை மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார். இடது பக்கம் விலாவுக்குக் கீழே அவர் கை நின்றது. மறுபடியும் அழுத்திப் பார்த்தார். ஸ்கேனுக்கு அனுப்பினார். சாயங்காலம் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, ஒரு தாளில் அவரைக்கொட்டை மாதிரி சிறுநீரகத்தை வரைந்து, அதன் தலையில் ஒரு உருண்டையை வரைந்தார்.

"இது நரம்பு செல்லுல உண்டாகுற கட்டிங்க. நியூரோபிளாஸ்டோமான்னு பேரு. சின்னக் குழந்தைகளுக்கு வர்ற ஒரு புற்றுநோய். வயித்துல ஆரம்பிச்சு, கண்ணுக்குழியச் சுத்தி இருக்கற எலும்புக்குப் பரவியிருக்கற மாதிரித் தெரியுது. அங்க ரத்தம் கசிஞ்சுதான் இப்படிக் கருத்திருக்கு. கால் எலும்புலயும் வலி இருக்கும், அதான் நிக்க மாட்டேங்கறான். சென்னைக்குப் போய் உறுதிப்படுத்திக்கணும். ஆனா ஒண்ணு, இது அடிபட்ட காயம் இல்ல. யாரும் அடிக்கல. யாரும் கீழ போடல."

உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அழுதாள். அந்த ஏழு நாளில் அவள் அழுதது அப்போதுதான். பிள்ளைக்கு இப்படிப்பட்ட நோய் என்றதும் அழுகிறாள் என்று நினைத்து டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த முதல் நிமிஷத்து அழுகை எதற்கென்று எனக்கு மட்டும் தெரியும். நோயின் பெயர் அவளுக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஒரு தாய்க்கு அந்தச் செய்தியிலும் ஆறுதல் தேட வேண்டிய நிலைமையை நான் உண்டாக்கி வைத்திருந்தேன்.

இனி வருவதெல்லாம் நல்ல கதை, பயப்படாதே. சென்னையில் எலும்புச் சாற்றை எடுத்துப் பார்த்தார்கள், கட்டியில் துளி எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பெரிய டாக்டர், "பரவியிருக்குங்கறது உண்மை. ஆனா ஒன்றரை வயசு ஆகல பாருங்க, அது இவனுக்குப் பெரிய பலம். டெஸ்ட்டும் மோசமா வரல. உறுதி சொல்ல மாட்டேன், நம்பிக்கையா ஆரம்பிப்போம்" என்றார். முதல் இரண்டு சுற்று மருந்து ஏற்றும்வரை நாங்கள் இரண்டு பேரும் கூடவே இருந்தோம். பிறகு யாராவது ஒருவர் மலைக்குப் போய்க் கடையைத் திறந்தாக வேண்டும் என்று ஆனது. நான் கிளம்பத் தயாரானேன். உன் அம்மா, "நீங்க இருங்க. நான் போறேன்" என்றாள்.

"உனக்கு பஜ்ஜி போடத் தெரியுமா?" என்றேன்.

"உங்களுக்கு ஊசி போட்ட புள்ளையப் பாத்துக்கத் தெரியுமா?" என்றாள்.

இரண்டு பேருக்கும் தெரியாது. இரண்டு பேரும் கற்றுக்கொண்டோம். மாதத்தில் பாதி நாள் அவள் மேலே, நான் கீழே. மீதி நாள் மாற்றிக்கொள்வோம். உனக்கு வாந்தி வருவதற்கு முன் உதடு ஒரு மாதிரி சுழியும், அதைக் கண்டுபிடித்து பாத்திரத்தை நீட்ட எனக்குப் பத்து நாள் ஆனது. அந்த வார்டில் இருந்த தாய்மார்கள் எல்லாம் எனக்கு வாத்தியார்கள். உனக்குக் கஞ்சி ஊட்டத் தெரியாமல் நான் முழிப்பதைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பில் நீயும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தாய். காய்ச்சலுக்குப் பிறகு நீ சிரித்த முதல் சிரிப்பு என்னைக் கேலி செய்ததுதான்.

ஒரு வாரம் உன் ரத்தத்தில், கசிவை அடைக்கிற தட்டணுக்கள் குறைந்துபோயிருந்தன. எனக்கு அது புரியவில்லை. ஈரத்துணியால் உன்னைத் துடைக்கும்போது நழுவாமல் இருக்கக் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான். மறுநாள் காலையில் உன் கையில் என் மூன்று விரல்களும் நீலமாகப் பதிந்திருந்தன. நர்ஸிடம் ஓடி, "நான் அடிக்கலீங்க சிஸ்டர், சும்மாதான் புடிச்சேன்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "தெரியும்ப்பா, கவுண்ட்டு கம்மியா இருக்கு, அப்படித்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். முன்பின் தெரியாத அந்த அம்மாள் ஒரு நொடியில் எனக்குக் கொடுத்த நம்பிக்கையை, நான் தாலி கட்டினவளுக்கு ஆறு நாளாகக் கொடுக்கவில்லை.

வார்டில் ஒரு தாயிடம் உன்னைக் கொடுத்துவிட்டு, வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். நம் வண்டிக்குப் பக்கத்து மளிகைக்கடைக்கு போன் போட்டு அவளைக் கூப்பிடச் சொன்னேன். ஓடி வந்து, மூச்சு வாங்க, "ஏனுங்க, புள்ளைக்கு என்னாச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கான். அவன் கையில என் வெரலு பதிஞ்சிருச்சு. நான் சும்மாதான் புடிச்சேன் சரசு."

அவள் மூச்சு வாங்குவது அடங்கியது. பிறகு, "தெரியுமுங்க" என்றாள்.

"அன்னைக்கு நான் உன்னை..."

"சட்டியில எண்ணெய் காயுதுங்க, வெக்கறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

சாமி, மன்னிப்புக் கேட்க உனக்கும் ஒரு நாள் வரும். குடும்பம் என்றால் வராமல் இருக்காது. அழகாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருக்காதே. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடு. எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தாலும் அவர்களுக்குக் காது கேட்கும்.

உன் கண்ணைச் சுற்றி இருந்த கருப்பு, மருந்து ஏற ஏற நிறம் மாறிக்கொண்டே வந்தது. ஊதா, பச்சை, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் கரைந்தது. தள்ளி நின்ற கண் உள்ளே போய் உட்கார்ந்தது. தலையில் ஒரு முடி இல்லை, புருவம் இல்லை, ஆனால் அந்த இரண்டு கண்களும் கழுவி வைத்த மாதிரி இருக்கும். பிறகு அறுவை சிகிச்சை செய்து வயிற்றில் இருந்த கட்டியை எடுத்தார்கள். அதற்கு மூன்று வாரம் கழித்து, வார்டு நடையில் மருந்து பாட்டில் தொங்குகிற அந்தச் சக்கர ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். நின்றவன் ஒரு தள்ளு தள்ளினாய். அது உருண்டது. அதைப் பிடிக்க நீ ஓடினாய், குழாய் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க உன் பின்னால் நான் ஓடினேன், எங்களைப் பிடிக்க நர்ஸ் ஓடினார். எல்லாப் பிள்ளைகளும் நடந்து பழகி ஓடும். நீ நடக்கவே இல்லை, நேராக ஓட்டம்தான். வார்டில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். தட்டியவர்களில் சிலருடைய பிள்ளைகள் பிறகு வீடு திரும்பவில்லை. நம்முடைய சந்தோஷத்தில் அவர்கள் கைத்தட்டலும் கலந்திருக்கிறது என்பதை மறந்துவிடாதே.

எட்டு மாதத்துக்குப் பிறகு மூன்று பேருமாக மலைக்குத் திரும்பினோம். சேலத்தில் பஸ் ஏறினால், அதே கண்டக்டர். டிக்கெட் கிழிக்க வந்தவர் உன் அம்மாவையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்து, "கண்ணு வீங்கிக் கெடந்த புள்ளதானே இது?" என்றார். நான் எழுந்து நின்றேன். இந்த முறை அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க கண்டக்டர், அன்னைக்கு நானும் இதே பஸ்ஸுலதான் வந்தேன். நாந்தான் இவ ஊட்டுக்காரன். ரெண்டு சீட்டு பின்னால உக்காந்துக்கிட்டு வாயத் தொறக்காம வந்தேன். இவ புள்ளைய அடிக்கலீங்க, போடவும் இல்லீங்க. அது சீக்கு. நல்லாப் பாத்துச் சரி பண்ணிக் கூட்டிட்டு வாரோம்."

பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. பஸ்ஸுல மானத்த வாங்காதீங்க" என்றாள். நான் உட்கார்ந்த பிறகும் அவள் சட்டையை விடவில்லை. கண்டக்டர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, "புள்ளைய இப்புடிக் குடு அம்முணி" என்று உன்னை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நாலாவது வளைவில் ஏறும்போது, அவர் கழுத்தில் தொங்கின விசிலை எடுத்து வாயில் வைத்து நீ ஓங்கி ஊதிவிட்டாய். டிரைவர் வளைவிலேயே பஸ்ஸை நிறுத்தி, "எவன்டா அது, வண்டி மூச்சு வாங்குற எடத்துல எறங்கறது?" என்று கத்தினார். "ஏறக்கொறைய ரெண்டு வயசு ஆளுங்க!" என்றார் கண்டக்டர். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. கண்டதையும் வாயில் வைக்க விடக் கூடாது என்று சென்னை டாக்டர் தலைதலையாக அடித்துக்கொண்டு சொல்லி அனுப்பியிருந்தார். உன் அம்மா சிரித்துக்கொண்டே, அழுதுகொண்டே, முந்தானையால் உன் வாயைத் துடைத்துத் துடைத்துச் சிவக்க வைத்துவிட்டாள்.

ஊருக்கு வந்து கடையில் நின்றால், வருகிறவன் எல்லாம் "அக்கா இல்லீங்களா?" என்கிறான். என் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க, ஆனா அக்கா போட்டா நொம்ப நல்லாருக்கும்" என்கிறான். எட்டு மாதத்தில் என் கடையை அவள் தன் கடையாக்கிவிட்டாள். எனக்கு முதலில் ரோஷம் வந்தது. ஒரு வாரம் போட்டி போட்டுப் பார்த்தேன். பிறகு கரண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். இந்தத் தகரக் கொட்டகையும் இந்த நாலு பெஞ்சும் அவள் கைப்பக்குவத்தில் வந்தவை. நித்யா உன்னைவிட எதையாவது நன்றாகச் செய்தால், சண்டை போட்டு ஒரு வாரத்தை வீணாக்காதே. அந்த ஒரு வாரம் நான் தின்ற சோறு செரிக்கவே இல்லை.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு ஐந்து வயதில், குக்கர் விசிலுக்கு நீ திரும்பவில்லை என்று உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். உயிரைக் காப்பாற்றின மருந்துகளில் ஒன்று காதைத் தொடலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கீச்சுச் சத்தங்கள் உனக்கு எட்டவில்லை. இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கி மாட்டினோம். நான் உனக்கு முடியை வளர்த்து விடச் சொன்னேன், காது தெரியாமல் இருக்க. அழகுக்கு என்று உன்னிடம் பொய் சொன்னேன். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நீயே சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாய். என்னடா என்று கேட்டதற்கு "வேர்க்குதுப்பா" என்றாய். உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று உன் முகத்திலேயே தெரிந்தது. இப்போது எஸ்டேட்காரர்கள் காபிப் பழம் உரிக்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு உன் ஒர்க்ஷாப்புக்கு வருகிறார்கள். நீ காதிலிருந்து இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அந்த இரைச்சலுக்கு நடுவில் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்து, "பேரிங் போயிருச்சுங்க" என்கிறாய். போன மாதம் மாரமங்கலத்துக்காரர் ஒருவர் என்னிடம், "உங்க மவன் கையிலயே காது இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்ட சந்தோஷத்தில் நான் அவருக்கு மிளகாய் பஜ்ஜிக்குப் பதிலாக வாழைக்காய் பஜ்ஜியை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை பார். குப்பனூர் பள்ளிக்கூடத்துத் தண்ணீர் மோட்டாரைச் சரி பண்ணப் போன நீ, அங்கே கணக்கு சொல்லிக் கொடுக்கிற டீச்சரைப் பிடித்திருக்கிறது என்று வந்து சொன்னபோது, நான் முதலில் சொன்ன வார்த்தை என்ன? "காது சமாச்சாரம் எப்புடியும் தெரியும். அந்தச் சீக்கு சமாச்சாரத்த மட்டும் சொல்லிப்புடாத கண்ணு." நீ கோபப்படவில்லை. "மூணாவது தடவை பாத்தப்பவே சொல்லிட்டேம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாய். எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. எல்லாம் கெட்டது என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள், இதே மாதிரி பனி மூடின ஒரு மழை நாளில், நித்யாவும் அவள் அப்பாவும் குப்பனூர் ரோடு வழியாக வண்டியில் ஏறி வந்து, நனைந்தபடி கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நீ எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போயிருந்தாய். அவர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "ஏனுங்க, தம்பி அவரு வாயாலயே எல்லாஞ் சொன்னாப்ல. நீங்க பெரியவிய, ஒரு வார்த்தையும் சொல்லலீங்களே?"

எனக்கு அந்தப் பழைய ஜன்னல் பக்கம் திரும்புகிற குணம் மறுபடியும் வந்தது. வெங்காயத்தைப் பார்த்தேன். உன் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு அவருக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். "அவருக்குப் பயமுங்க. எனக்கில்லீங்க. என்ன கேக்கோணுமோ என்னையக் கேளுங்க" என்றாள்.

அவர் கேட்டார். நோய் திரும்பி வருமா என்றார். இத்தனை வருஷம் கழித்து அது வருவது அபூர்வம், ஆனாலும் வருஷா வருஷம் போய்க் காட்டிவிட்டு வருகிறான் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, குழந்தை குட்டி பற்றிக் கேட்டார். உன் அம்மா மறைக்கவில்லை. "அந்த மருந்துக்கு அப்புடி ஒரு சந்தேகம் உண்டுன்னு அப்பவே சொன்னாங்க. எனக்குத் தெரியாதத நான் சொல்லக் கூடாதுங்க. ரெண்டு பேரும் போய் டாக்டரக் கேட்டுட்டு வரட்டும்" என்றாள்.

அதுவரை வாயைத் திறக்காமல் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நித்யா, "நாங்க போன மாசமே சென்னைக்குப் போய்க் கேட்டுட்டு வந்துட்டோமுங்க அத்தை. டெஸ்ட்டெல்லாம் எடுத்தாச்சு. கவலப்பட ஒண்ணுமில்லைன்னுட்டாங்க" என்றாள்.

எனக்கு மட்டுமில்லை, அவள் அப்பாவுக்கும் அது செய்தி. "சென்னைக்கா? பள்ளிக்கூடத்துல ட்ரெயினிங்குன்னுதானே சொல்லிட்டுப் போன?"

"அதுவும் ட்ரெயினிங்தானுங்கப்பா."

அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் உன் அம்மாவைப் பார்த்து, "அந்தக் கஷ்டத்துல உங்களுக்குப் பயமே வரலீங்களா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க. அவன் எந்திரிச்சு ஓட ஆரம்பிச்சதுக்கப்புறம் பயப்பட நேரம் இல்லீங்க. பின்னாலயே ஓடறதுக்கே பொழுது சரியாப் போச்சு."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "இன்னும் நாலு பஜ்ஜி போடுங்க சம்பந்தி" என்றார். சம்பந்தி என்ற அந்தச் சொல்லை அவர் வேண்டுமென்று சொன்னாரா, வாயில் வந்துவிட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. உன் அம்மா எட்டு போட்டாள். எட்டையும் அவரே தின்றார்.

நித்யாவுக்கு நான் என்ன புத்தி சொல்வது? உனக்குத்தான் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு நாள் காலையில் ஏதாவது ஒன்று கன்றிப்போய் நிற்கும். நோயாக இருக்கலாம், வேலையாக இருக்கலாம், பிள்ளையாக இருக்கலாம். அந்த நேரத்தில் யாரால் வந்தது என்று தேடப் போகாதே. முதலில் அவள் பக்கத்தில் போய் உட்கார். இரண்டு சீட்டு பின்னால் உட்காராதே. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு பிள்ளையின் இரண்டு கண்களும் தேவைப்பட்டன. உனக்கு இந்தக் கடிதம் போதும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். உன் அம்மாவே சொல்லட்டும் என்றுதான் இருந்தேன், அவள் வெட்கப்படுகிறாள். சென்னையில் அந்த எட்டு மாதமும் நாங்கள் கடலைப் பார்க்கவே இல்லை. இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. ஜன்னல் வழியாகக் காற்று வரும், உப்பு வாசனை வரும், ஒரு நாளும் போகத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு செக்கப்புக்கு வருஷா வருஷம் போனபோதும், ரிசல்ட் வாங்கினதும் பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்துவிடுவோம். போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவள், திடீரென்று, "ஏனுங்க, கல்யாணம் முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் கடலப் பாத்துட்டு வருவமா?" என்றாள். மறுநாளே சேலம் போய் ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். மறுவீட்டுக்கு அடுத்த நாள் கிளம்புகிறோம். நாலு நாள். கடையை நீயும் நித்யாவும் பார்த்துக்கொள்ளுங்கள். கடலை மாவு டின்னில் இருக்கிறது, ஓமம் மேல் தட்டில் இருக்கிறது, எண்ணெய் காய்ந்ததா என்று பார்க்க உன் உள்ளங்கையை வைக்காதே. போன் பண்ணினால் எடுக்க மாட்டோம். உன் அம்மா நேற்றிலிருந்தே வீட்டு வாசலில் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வந்தால் எப்படி நிற்பது என்று உன் அத்தையிடம் கேட்டு நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் அப்பா